யார் உட்கார்ந்த ஜமக்காளம்

இந்த வாடகை வீட்டுக்கு நான் கொண்டுவந்த சாமான்களில் பாதி புத்தகங்கள். மீதியில் ஒரு கட்டில், ஒரு பீரோ, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், கல்யாணத்தின்போது அம்மா வாங்கித் தந்த பாத்திரங்கள். பாத்திரக்கடையிலேயே பெயர் வெட்டி வாங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்பே வாங்கி வைத்துவிட்டதால் எல்லாவற்றிலும் அப்பாவின் முதலெழுத்தோடுதான் என் பெயர் இருந்தது. மாமியார் வீட்டில் அது கொஞ்ச நாள் பேச்சாக ஓடியது. பதினேழு வருடம் கழித்துக் குடித்தனத்தைப் பிரித்தபோது, எது யாருடையது என்ற சண்டையில் அந்த ஓரெழுத்துதான் எனக்குச் சாட்சி சொன்னது. பெயர் வெட்டாத எதையும் நான் கேட்கவில்லை.

சேலத்தில் மாடி வீடு. நீளமான கூடம். சிவப்பு சிமெண்ட் தரை அங்கங்கே பொரிந்து போயிருந்தது. "ஹால் நல்லா பெருசு மேடம், சோபா போட்டா அம்சமா இருக்கும்" என்று வீட்டுக்காரர் சொன்னார். அடுத்த கேள்வியாக, "கூட யாரு இருப்பாங்க?" என்றார். யாரும் இல்லை என்றேன். பிறகு சோபாவைப் பற்றி அவர் பேசவில்லை.

சனிக்கிழமை மதியங்களில் எட்டு, ஒன்பது மாணவிகள் என்னிடம் வருவார்கள். பாடத்திட்டத்துக்கு வெளியே ஏதாவது படிப்போம். பழைய வீட்டில் அதற்கு இடமில்லை; அதாவது இடம் இருந்தது, அனுமதி இல்லை. கல்லூரியில் காலியான வகுப்பறையைத் தேடி அலைவோம். தனி வீடு கிடைத்ததும் முதலில் நினைத்தது அவர்களைத்தான். ஆனால் இரண்டு நாற்காலி இருக்கிற கூடத்தில் ஒன்பது பேரை எங்கே உட்காரவைப்பது? பேசினால் சுவரில் மோதிக் குரல் திரும்பி வந்தது. கூடத்துக்கு ஒரு விரிப்பு வேண்டும். அதுவும் பெரியதாக வேண்டும்.

கடைகளில் பார்த்தேன். மெஷினில் நெய்த பாலியெஸ்டர் விரிப்புகள் பூப்பூவாகத் தொங்கின. தொட்டால் கை வேர்த்தது. புது ஜமக்காளம் கேட்டேன். நான் கேட்ட அளவுக்கு அவர்கள் சொன்ன விலை நெசவாளிக்கு நியாயமானதுதான். என் கையில்தான் அது இல்லை. அட்வான்ஸ், வக்கீல், வண்டிக்கூலி எல்லாம் போக மிஞ்சியது கொஞ்சம். பழையது கிடைத்தால் பார்க்கலாம் என்று தோன்றியது.

பணம் மட்டும் காரணமல்ல. அந்த நாட்களில் பார்ப்பவர்களெல்லாம் எனக்கு ஒரே அறிவுரைதான் சொன்னார்கள்: "எல்லாத்தையும் மறந்துட்டுப் புதுசா ஆரம்பி." நாற்பத்தாறு வயதில் யாரால் புதிதாக ஆரம்பிக்க முடியும்? இந்த உடம்பு பழையது, படித்த படிப்பு பழையது, கோபமும் பழையது. புதிது என்ற சொல்லுக்குள் பழையதெல்லாம் அழுக்கு என்ற பொருள் ஒளிந்திருந்தது. அதை வெளிப்படையாகச் சொன்னவரும் உண்டு. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் எனக்குப் பின்னால் இரண்டு இலை தள்ளி உறவுக்காரர் ஒருவர், "இந்த வயசுல அதுக்கு இனி யாரு, செகண்ட் ஹேண்டுதான்" என்று சொல்லிச் சிரித்தார். நான் ரசத்துக்குக் கை நீட்டியிருந்தேன். கையை எடுக்கவும் முடியவில்லை, திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை.

பழைய ஜமக்காளம் வாங்கப் போகிறேன் என்று போனில் சொன்னதும் அம்மா பதறிவிட்டார்.

"புதுசே வாங்கிக்கலாமல்ல கண்ணு? எந்த எழவு வூட்டுல விரிச்சதோ, எவனெவன் உக்காந்ததோ. அதப் போயி வூட்டுக்குள்ள கொண்டாருவாங்களா?"

"பழைய நகை வாங்கலையாம்மா? பழைய வீடு வாங்கலையா? அதுல யார் செத்தாங்கன்னு பாத்தா வாங்கறோம்?"

"நகையும் துணியும் ஒண்ணா?" என்றார் அம்மா.

ஒன்றில்லைதான். அதை நினைத்துக்கொண்டே இருந்தேன். தங்கத்தை உருக்கிவிடுகிறோம், யார் கழுத்தில் கிடந்தது என்று அது சொல்லாது. நிலத்தை உழுதுவிடுகிறோம். வண்டிக்குப் பெயர் மாற்றி ஆர்.சி. வாங்கிவிடுகிறோம். துணி அப்படியல்ல. அதில் உட்கார்ந்தவரின் வேர்வை, எண்ணெய், எச்சில், ரத்தம் எல்லாம் இருக்கலாம். துணி உடம்பை ஞாபகம் வைத்திருக்கிறது என்ற பயம்தான் அம்மாவுக்கு. அந்தப் பயம் வெறும் சுத்தம் பற்றியதல்ல. எந்தச் சாதி உடம்பு, எந்த நாளில் இருந்த பெண் உடம்பு, உயிருள்ள உடம்பா உயிர் போனதா என்று கேட்கிற பயம்.

அதோடு, ஜமக்காளத்தைப் பற்றி அம்மாவுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. அம்மா பிறந்தது பவானி. கட்டிக்கொடுத்தது காவிரிக்கு இந்தக் கரையில், குமாரபாளையத்தில். பாலத்தைத் தாண்டினால் அம்மா வீடு. அப்புச்சி ஜமக்காளத் தறி நெய்தவர். தரையில் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற குழித்தறி. அகல ஜமக்காளம் என்றால் தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். நாடா இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போகும். கூலி ஆள் வராத நாளில் அந்த இரண்டாவது ஆள் அம்மாயி. அது போக ராட்டையில் தார் சுற்றுவது, அறுந்த பாவு நூலைப் பிணைப்பது, நெய்ததை மடிப்பது எல்லாமே அம்மாயிதான். ஆனால் நூல் கொடுத்துக் கூலி தருகிறவரின் நோட்டில் அப்புச்சியின் பெயர் மட்டும்தான் இருக்கும். "உங்கம்மாயி கூடமாட ஒத்தாசை பண்ணுவா" என்பார் அப்புச்சி. ராட்டை சுற்றிச் சுற்றி அம்மாயியின் வலது தோள் கடைசிவரை இறங்கியே இருந்தது. ஒத்தாசை செய்ததில் இறங்கிய தோள் அது.

இன்று பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, 2005இல் கிடைத்தது. அதற்கு இருபது வருடம் முன்பே, 1985இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் பட்டியலில் ஜமக்காளமும் உண்டு. அதை விசைத்தறியில் நெய்யக்கூடாது. சட்டம் இருந்தும் குழித்தறிகள் குறைந்துகொண்டே வந்தன. என் மாமன் பிள்ளைகள் யாரும் தறிக்குழியில் இறங்கவில்லை. ஆண்கள் வேறு வேலைக்குப் போக, எங்கள் சொந்தத்தில் கடைசிவரை தறியில் இருந்தது என் அத்தை ஒருவர்தான். அப்போதும் வீட்டுக்கு வருகிறவர்கள் "நெசவு இன்னும் நடக்குதுங்களா?" என்று மாமாவிடம்தான் கேட்டார்கள்.

ஜமக்காள நெசவில் ஊடை நூல் பாவு நூலை முழுதாக மூடிவிடும். சிவப்பும் பச்சையும் நீலமுமாக நாம் பார்க்கிற பட்டைகளெல்லாம் ஊடை. இழுவை தாங்குகிற பாவு உள்ளே இருக்கும். ஓரம் பிரிந்தால்தான் தெரியும். இதைக் கவிதையாக எழுதலாம் என்று ஒருகாலத்தில் நினைத்ததுண்டு. அம்மாயியின் தோளை நினைத்தால் எழுதத் தோன்றவில்லை.

ஜமக்காளம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது தறியல்ல, ஒரு கல்யாண மண்டபம். 1991. எனக்குப் பதின்மூன்று வயது. சித்தி மகள் கல்யாணம். முந்தின ராத்திரி பெண்களும் பிள்ளைகளும் மாடியில் வாடகை ஜமக்காளங்களை விரித்து வரிசையாகப் படுத்திருந்தோம். விடியற்காலையில் அம்மா என்னை உலுக்கி எழுப்பினார். பாவாடை நனைந்திருந்தது. எனக்கு அது மூன்றாவதோ நான்காவதோ மாதம். கணக்கு வைக்கத் தெரியவில்லை. அம்மா ஒரு சொல்லும் பேசாமல் தன் பழைய சேலையை என் இடுப்பில் சுற்றிவிட்டு, ஜமக்காளத்தை அப்படியே சுருட்டினார். பெரிய ஜமக்காளம். அம்மாவின் உயரத்தில் முக்கால்வாசி இருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் பின்படியில் இறங்கிப் போனார். நான் மாடித் தொட்டிக்குப் பக்கத்தில், வெறும் தரையில், விடிகிறவரை நின்றுகொண்டிருந்தேன். உட்காரலாமா என்று தெரியவில்லை.

தாலி கட்டும்போது அம்மா முன்வரிசையில் இருக்க வேண்டியவர். வந்தபோது முடிந்திருந்தது. முழங்கை வரை சேலை ஈரம். "எங்க போயிட்ட?" என்று கேட்டவர்களிடம் "வவுறு சரியில்ல" என்றார். ஜமக்காளத்தில் வடிகட்டின பொய் என்று சொல்வார்களே, அம்மா சொன்னது அதுதான். நான் அன்று முழுக்க மண்டபத்தின் பின்கட்டில், தனியாகப் போட்ட கோணிச்சாக்கில் இருந்தேன். எனக்கு இலை அங்கேயே வந்தது.

அந்தப் பின்கட்டில் இன்னொருவரும் இருந்தார். ஊருக்குத் துணி வெளுக்கிற அக்கா. மணமக்கள் நடக்க மாற்றுச் சேலை விரிப்பது அவர் குடும்பத்தின் வேலை. எங்கள் தெருப் பெண்களின் தீட்டுத் துணிகளும் அவர் கைக்குத்தான் போகும். அவர் விரித்த சேலையில் மணமக்கள் நடந்தார்கள். அவரை ஜமக்காளத்தில் யாரும் உட்காரச் சொன்னதில்லை. நானும் அவரும் கொஞ்ச தூரம் விட்டு உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்குக் கோணியாவது இருந்தது. மூன்று நாளில் எனக்குத் தலைக்கு ஊற்றி உள்ளே விட்டுவிடுவார்கள். அவருக்கு மூன்றாவது நாள் என்று ஒன்று இல்லை. இந்த வித்தியாசம் எனக்கு அன்று தெரியவில்லை. தெரிவதற்கு இன்னும் பதினைந்து வருடமும் நிறையப் புத்தகங்களும் தேவைப்பட்டன என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வாடகைப் பாத்திரக்கடை ஒன்றைக் காலி செய்கிறார்கள் என்று உடன் வேலை பார்க்கும் தோழி சொன்னார். போனேன். அண்டா, குண்டா, பெஞ்சு, துணிப்பந்தல் எல்லாம் வாசலில் கிடந்தன. கல்லாவில் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர். வீட்டுக்காரர் போன பிறகு பதினோரு வருடமாகத் தானே கடை நடத்தியதாகச் சொன்னார். இப்போது மண்டபத்திலேயே எல்லாம் தந்துவிடுகிறார்கள். நாற்காலி வந்த பிறகு ஜமக்காளம் கேட்டு வருவதே கோயில் பூசைக்காரர்களும் இழவு வீட்டுக்காரர்களும்தானாம்.

"கண்ணாலத்துக்குப் போனது வேற, எழவுக்குப் போனது வேறன்னு பிரிச்சு வெச்சிருப்பீங்களாம்மா?" என்று கேட்டேன். அம்மாவுக்குப் போனில் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "கேக்கறவங்ககிட்ட பிரிச்சு வெச்சிருக்கோம்னுதான் சொல்லுவோம். நீங்க டீச்சரு, உங்ககிட்ட என்னத்துக்குப் பொய்யி? எல்லாம் ஒரே அடுக்குதான். தொவைக்கறது, காயப்போடறது, அடுக்கறது. எதுக்குப் போச்சுன்னு அதுக்குத் தெரியுமா?"

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுப் பார்த்தோம். பழைய ஜமக்காளம் பார்ப்பதற்கு அம்மாயி சொல்லித் தந்த முறை எனக்கு மறந்திருக்கவில்லை. முதலில் மூக்கு: புழுக்க வாடை வெயிலில் போகும், மக்கிய வாடை போகாது. அடுத்து, இரண்டு பேர் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்க வேண்டும். பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். பிறகு ஓரம். நடுவில் கிழிந்ததைத் தைத்துவிடலாம், ஓரம் விட்டுப்போனால் பாவு பிரிந்துகொண்டே வரும். கடைசியாக, ஈர வெள்ளைத் துணியால் சிவப்புப் பட்டையை அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். சாயம் ஒட்டினால் முதல் மழைக்கே தரையெல்லாம் சிவப்புதான்.

ஆறாவதாக எடுத்தது இது. பன்னிரண்டடிக்கு எட்டடி. சிவப்பு, கறுப்பு, பச்சைப் பட்டைகள். நடுவில் மங்கிய நீலம். ஓரம் கெட்டியாக இருந்தது. சாயம் ஒட்டவில்லை. ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை.

"இது என்னங்கம்மா?"

"வெத்தலபாக்கா இருக்கும். இல்லீன்னா சாம்பார். யாருக்குத் தெரியும்?" என்றவர், கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "வேற எதாவதாவும் இருக்கும்" என்றார்.

ஆயிரத்து இருநூறு சொன்னார். தொள்ளாயிரத்துக்குத் தந்தார். ஆட்டோவில் ஏற்றும்போது, "தனியா தொவைக்காதீங்க, இடுப்பு போயிரும். புழியறதுக்கு ரெண்டு பேரு வேணும்" என்றார்.

அந்த இரண்டாவது ஆளுக்கு நான் எங்கே போவேன்? கல்யாணம் முறிந்தபோது நான் பயந்தது ராத்திரிகளைப் பற்றி, காய்ச்சலைப் பற்றி, வாடகையைப் பற்றி. ஈர ஜமக்காளத்தைப் பிழிய ஆள் வேண்டும் என்பதை நினைத்துப் பார்க்கவில்லை. பதினேழு வருடத்தில் அவர் ஒருமுறையும் துணி பிழிந்ததில்லை என்பதையும் அப்போதுதான் நினைத்துக்கொண்டேன். இரண்டாவது ஆள் எனக்கு அப்போதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அம்மா குமாரபாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்து நின்றார். கையில் பூந்திக்கொட்டைப் பொடி.

"வாங்க வேண்டாம்னு சொன்னீங்களே?"

"வாங்கிட்டயல்ல. அப்பறம் தொவைக்க வேண்டாமா?"

மொட்டை மாடியில் தண்ணீர் பிடித்து ஊறவைத்தோம். காலால் மிதித்தோம். முதல் தண்ணீர் கறுப்பாகப் போனது, மூன்றாவது தண்ணீர் டீ நிறத்தில். நனைந்த ஜமக்காளத்தை ஒரு முனை அம்மாவும் ஒரு முனை நானும் பிடித்து எதிரெதிர்ப் பக்கமாக முறுக்கினோம். எழுபது வயது தாண்டிய கைகள். முறுக்கு என் பக்கம்தான் தளர்ந்தது. "இழுத்துப் புடி, விட்டறாத" என்றார் அம்மா.

மூலைக்கறை போகவில்லை. சோப்புப் போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன். கொஞ்சம் வெளுத்தது, அவ்வளவுதான்.

"உட்ரு. பழங்கறை போவாது" என்றார் அம்மா. பிறகு ஜமக்காளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கு அந்த மண்டபத்துலயும் போவுல."

நான் முறுக்கிய கையை விடாமல் நின்றேன். முப்பத்து மூன்று வருடத்தில் அந்த விடியற்காலையைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

"தொட்டித் தண்ணி எல்லாம் ஊத்திப் பாத்தேன். கறை மட்டும் போவுல. வெளிய தெரிஞ்சா உன்னையத்தான பேசுவாங்க? கறை உள்ள போற மாதிரி மடிச்சு, அடுக்குல நடுவால சொருவி உட்டுட்டேன். வண்டிக்காரன் வந்து தூக்கிட்டுப் போயிட்டான்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்பறம் என்ன, வேற கண்ணாலத்துக்குப் போயிருக்கும். வேற யாராச்சும் உக்காந்திருப்பாங்க." அம்மா கொஞ்சம் சிரித்தார். "ஒண்ணும் ஆவுல."

ஒன்றும் ஆகவில்லை. தீட்டுப் பட்ட அந்த ஜமக்காளத்தின் மேல் எத்தனை மாப்பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள், எத்தனை பூசை நடந்திருக்கும், எத்தனை பஞ்சாயத்து பேசியிருப்பார்கள்! எந்தக் கல்யாணமும் அதனால் கெட்டுப்போனதாகத் தகவல் இல்லை. அம்மாவுக்கு இது முப்பத்து மூன்று வருடமாகத் தெரியும். தெரிந்தும் என்னைக் கோணியில் உட்காரவைத்தார். தெரிந்தும் போனில் "எவனெவன் உக்காந்ததோ" என்று பதறினார். முன்பாக இருந்தால் இதை முரண்பாடு என்று சொல்லிக் கோபப்பட்டிருப்பேன். கறையை மடித்து வைத்துக்கொண்டு வாழ்கிற பெண்ணுக்கு எல்லாத் துணியின் மேலும் சந்தேகம் இருக்கத்தான் செய்யும். நம்முடைய வீடுகளில் சுத்தம் என்பது பெரும்பாலும் யாரோ ஒரு பெண் சரியாக மடித்து வைத்ததுதான்.

ஜமக்காளம் காய இரண்டு நாள் ஆனது. கூடத்தில் விரித்ததும் முதலில் மாறியது சத்தம். எதிரொலி போய்விட்டது. பொரிந்த தரை மறைந்தது. காலை வெயில் வந்து சிவப்புப் பட்டையில் விழுந்து அங்கிருந்து சுவருக்கு ஏறியது. அம்மா அதன் மேல் காலை நீட்டி உட்கார்ந்து, "வூடு மாதிரி இருக்குது" என்றார்.

அந்தச் சனிக்கிழமை நெடுநல்வாடை படித்தோம். போர்ப் பாசறையில் மன்னன் இருக்க, அரண்மனையில் உறங்காமல் கிடக்கிற அரசி. அவள் கட்டிலுக்கு நக்கீரர் நிறைய அடிகள் தந்திருக்கிறார். நாற்பது வயது யானையின் தந்தத்தால் ஆன கால்கள், செதுக்கியவனின் கூர்மையான உளி, அதன் மேல் கழுவிக் கஞ்சியிட்ட துணி விரித்த படுக்கை. முதுகலை இரண்டாமாண்டுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "உளி வருது, உளி பிடிச்ச ஆள் வர்றாரு. துணியைக் கழுவினது யாருன்னு வரலையே மேடம்?"

இருபது வருடமாக இந்தப் பாட்டை நடத்துகிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. வேறு சங்கப் பாடல்களில் துணி வெளுக்கிற பெண் வருகிறாள், அவளைப் புலைத்தி என்பார்கள் என்றேன். 'புலை' என்ற சொல் எப்படியெல்லாம் இழிவைச் சுமந்தது என்று பேச்சு போனது. அழுக்கை எடுப்பவரின் மேல் அழுக்கின் பெயரை ஒட்டிவிடுவதைப் பற்றிப் பேசினோம். மண்டபத்துப் பின்கட்டில் இருந்த அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது.

இவ்வளவு பேசியும், ஒருத்தி மட்டும் ஜமக்காளத்துக்கு வெளியே, சுவரோரம் வெறும் தரையில் இருந்ததைத் தாமதமாகத்தான் கவனித்தேன். "உள்ள வந்து உக்காரும்மா" என்றேன். "பரவால்லைங்க மேடம், இங்கியே நல்லாருக்குங்க." பக்கத்தில் இருந்தவள் என்னைப் பார்த்துக் கண்ணால் சொன்னாள். எனக்குப் புரிந்தது.

அவளுடைய துணிவில் குறையொன்றும் இல்லை. வீட்டில் எதிர்த்துப் படிக்க வந்த பெண். வகுப்பில் முதலில் கேள்வி கேட்பவள். ஆனால் உடம்புக்குச் சின்ன வயதிலேயே கற்றுக்கொடுத்துவிட்ட பாடத்தை வாய் எவ்வளவு பேசினாலும் உடம்பு மறப்பதில்லை. எனக்குத் தெரியாதா? தொட்டிக்குப் பக்கத்தில் விடிகிறவரை நின்றவள்தானே நான். "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று அவளுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றியிருக்கலாம். அவளுக்கும் அது தெரியும். அதனால் எழுந்து போய் அவள் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்து, மூலையிலிருந்த கறையைக் காட்டினேன்.

"இது என்ன கறைன்னு எனக்குத் தெரியாது. வித்தவங்களுக்கும் தெரியல. எங்கம்மா துவைச்சுப் பாத்தாங்க, போகல."

பிறகு மண்டபத்துக் கதையைச் சொன்னேன். கறையை உள்ளே வைத்து மடித்த கதையையும். யாருக்கும் சொல்லாத கதை. பேராசிரியராக அதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை, குரல் நடுங்கியது. பெண்கள் சிரிப்பார்களோ என்று பயந்தேன். சிரித்தார்கள்தான். அம்மா அடுக்கின் நடுவில் சொருகிய இடத்தில் ஒன்பது பேரும் வெடித்துச் சிரித்தார்கள். அதன் பிறகு ஒவ்வொருத்தியாகத் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். பஸ் சீட், பரீட்சை ஹால் பெஞ்சு, தோழி வீட்டு மெத்தை. அன்று நெடுநல்வாடை அரசி கட்டிலிலேயே கிடந்தாள். நாங்கள் அவளிடம் திரும்பவில்லை.

சுவரோரம் இருந்த பெண் அன்று ஜமக்காளத்துக்கு வரவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். போகும்போது குனிந்து அந்த மூலையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். அடுத்தடுத்த வாரங்களில் நடுவில்தான் உட்கார்ந்தாள். எந்த வாரம் எந்த நாள் என்று நான் கணக்கு வைக்கவில்லை. அது என் வேலையுமில்லை.

இப்போது ஒரு வருடமாகிறது. ஜமக்காளத்தில் இன்னும் இரண்டு கறைகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று டீ, மற்றொன்று பேனா மை. வீட்டுக்காரர் வாடகை வாங்க வந்தபோது, "சோபா போடலீங்களா?" என்று கேட்டுவிட்டு, ஒரு நிமிடம் யோசித்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்தார். உறவுக்காரர் சொன்ன சொல்லை நான் மறக்கவில்லை. மறக்கப் போவதும் இல்லை. ஆனால் பழையது என்று யாராவது சொன்னால் இப்போது எனக்கு முதலில் ஓரம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஓரம் கெட்டியாக இருந்தால் போதும்.

போன மாதம் மறுபடி துவைத்தோம். அம்மாவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஐந்து மாணவிகள் வந்தார்கள். பிழியும்போது ஒரு முனையை மூன்று பேரும் மறுமுனையை மூன்று பேரும் பிடித்துக்கொண்டோம். மாடியெல்லாம் தண்ணீர். "இழுத்துப் புடிங்க, விட்டறாதீங்க" என்று நான்தான் கத்திக்கொண்டிருந்தேன்.